கபுலிவ்கா: ஒரு கல்லறையைக் காத்த கிராமம்

'கோசாக்' என்பது துருக்கிய மொழிவழி வந்த சொல். கட்டின்றித் திரியும் சுதந்திர மனிதன் என்று பொருள். பண்ணையடிமைத்தனத்துக்குத் தப்பி ஓடிவந்த உழவர்கள் பலரும் நீப்பர் ஆற்றுப் பாறைகளுக்குத் தெற்கே கூடி, மீன் பிடித்தும் வாளெடுத்தும் பிழைத்தார்கள். இவர்களுடைய பாசறைக் கோட்டைக்கு 'சிச்' என்று பெயர். தலைவரைச் சபை கூடித்தான் தேர்ந்தெடுப்பார்கள். பிடிக்காவிட்டால் இறக்கியும் விடுவார்கள். சிச்சுக்குள் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே குடும்பஸ்தர்கள் சுற்றிலும் பண்ணைவீடு கட்டிக் குடியேறினார்கள். உக்ரைனில் பல கிராமங்கள் இப்படி முளைத்தவைதான்.

நிக்கோபோல் நகருக்கு அருகிலுள்ள கபுலிவ்கா அத்தகைய மண்ணில் எழுந்த ஊர். சொர்த்தோம்லிக் சிச் இவ்வூரை ஒட்டித்தான் 1652 முதல் 1709 வரை இருந்தது. அதன் புகழ்பெற்ற தலைவர் இவான் சிர்கோ. ஓவியர் ரேப்பின் 1891-இல் முடித்த, சுல்தானுக்குக் கோசாக்குகள் கடிதம் எழுதும் படத்தைப் பலர் பார்த்திருக்கலாம். அந்தக் கூட்டத்தின் நடுவே நிற்பவர் இவர்தான்.

சிர்கோ 1680-இல் இறந்து இங்கே அடக்கமானார். கல்லறைக் கல் மே 4 என்கிறது. பழைய வரலாற்று நூலோ ஆகஸ்ட் 1 என்கிறது. கல்வெட்டா ஏடா, எதை நம்புவது? நம்மூர் ஆய்வாளர்களுக்கும் பழகிய தலைவலிதான் இது!

1709-இல் கோசாக்குகள் ஸ்வீடன் மன்னர் பக்கம் சாய்ந்தார்கள் என்று பீட்டர் மன்னனின் படை சிச்சை அழித்தது. 1775-இல் காத்தரீன் அரசி கோசாக் அமைப்பையே ஒழித்துவிட்டாள். ஆனாலும் சிர்கோவின் கல் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் யாவோர்னித்ஸ்கி தேடி வந்தபோது, அது ஒரு சாதாரண விவசாயியின் தோட்டத்தில் நின்றது.

அடுத்த ஆபத்து தண்ணீர் வடிவில் வந்தது. 1950-களில் கட்டிய காக்கோவ்கா அணையின் நீர் பழைய கோசாக் நிலங்களை மூழ்கடித்து, கரையை அரித்துக்கொண்டே கல்லறையை நெருங்கியது. 1967-இல் எலும்புகளைத் தோண்டி எடுத்து, ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் மறுபடி புதைத்தார்கள். மண்டை ஓடு மட்டும் முகத்தை மீட்டுருவாக்க மாஸ்கோ ஆய்வகத்துக்குப் போனது. அது ஊர் மண்ணுக்குள் சேர்ந்தது 2000-இல்தான்!

2022-இல் போர் மூண்டபின் நிக்கோபோல் வட்டாரம் பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்கானது. 2023 ஜூன் 6 அன்று அணை தகர்ந்து நீர் வடிந்தது. மூழ்கிக் கிடந்த கோசாக் நிலம் வெளிப்பட்டு, அதில் வில்லோ மரக்கன்றுகள் காடாய் முளைத்தன.

படை அழித்தது, அரசி ஒழித்தாள், அணை மூழ்கடித்தது. அத்தனைக்கும் நடுவில் ஒரு கல் தப்பியது கோட்டையாலும் அரண்மனையாலும் அல்ல, அதை அப்புறப்படுத்தாமல் விட்ட குடியானவர்களால். சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்த விவசாயியின் தோட்டத்துக்கும் ஒரு வரி ஒதுக்கவேண்டும் என்பதே என் கருத்து.