ஆள் மாறும், மேளம் நிற்கும்

சிதம்பரம் நடராசர் கோயிலில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை ஆகிய இரண்டு விழாக்களிலும் ஒன்பதாம் நாள் தேர். சுவாமி புறப்பாட்டில் நாயன மேளம் வாசிப்பது மல்லாரி. கம்பீர நாட்டையில் அமைந்த, சாகித்தியம் இல்லாத உருப்படி அது. தேருக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என வேளைக்கேற்ப அதற்குப் பல வகை உண்டு. வாசித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மாறியும் மேளம் நிலைத்து நின்றதற்குக் காரணம், அது ஆட்களால் கட்டப்பட்டதல்ல, இடங்களால் கட்டப்பட்டது என்பதே. இதற்கு மாறாக, அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய ‘போக்கோ’ என்ற கன்ட்ரி ராக் குழுவில் பலர் வந்து போனார்கள். கடைசிவரை அதைத் தாங்கிய ரஸ்டி யங் 2021இல் மறைந்ததும் குழுவின் கதை முடிந்தது. மேளத்துக்கு அப்படி ஒரு முடிவு வராததன் சூட்சுமம் அதன் அமைப்பில் இருக்கிறது.

நாயனம், தவில், ஒத்து, தாளம் என்ற அந்த அமைப்பு ஓர் ஏணி. தாளம் போடும் சிறுவனும், சுருதிக்காக ஒத்து ஊதும் மாணவனும் கேட்டுக் கேட்டே மேலேறினார்கள். காருகுறிச்சி அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்க நாயனம் வாசித்துத்தான் தனிச் செட்டுக்கு, அதாவது மேளக் குழுவுக்கு, தலைவரானார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் ‘ஸ்பெஷல் தவில்’ என்று பல செட்டுகளுக்கும் போய் வாசித்தபோதும் எந்தச் செட்டும் தன் முகத்தை இழக்கவில்லை. செம்பொன்னார்கோயில் சகோதரர்களின் எஸ்.ஆர்.ஜி., எஸ்.ஆர்.டி. என்ற தலைப்பெழுத்துகளில் ஊரும் பாட்டனார் ராமசாமியும் தந்தையரும் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுடைய ரக்தி மேளம் என்ற வாசிப்பு முறையும் அப்படியே கைமாறி வந்தது.

ஒரு மேதையின் பெயருக்காகத்தானே கூட்டம் கூடியது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 1956இல் ராஜரத்தினம் பிள்ளை மறைந்த பிறகும், அவர் நிலைநாட்டிய நீண்ட பாரி நாயனம் அடுத்தவர்களின் கையில் ஒலித்தது. மேதை மேளத்தை மாற்றினார். மேளம் அந்த மாற்றத்தைக் காப்பாற்றியது. இது பிறப்பால் வந்த தொடர்ச்சி மட்டுமே என்பது இன்னொரு வாதம். குலம் இந்தக் கலையைக் காத்தது, வேலியும் போட்டது. ஆனால் ஆந்திரத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றுத் திருவரங்கத்தில் அதன் பெரும் குரலானார். இடம் திறந்திருந்தால் பாணி புதிய ஆளையும் ஏற்கும்.

ஆகவே ஆள் போவதைவிட இடம் போவதே ஆபத்து. ஒத்து இருந்த இடத்தில் மின் சுருதிப்பெட்டி வந்தபோது, கற்பவனின் முதல் படி போயிற்று. பூசை நேரத்தில் மோட்டாரில் இயங்கும் முரசு ஒலிக்கும் கோயில்களில் தவிலின் அன்றாட வேலையும் போயிற்று. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் மூன்றாண்டுகளில் நாயனத்தையும் தவிலையும் கற்றுத் தருகின்றன. படித்து வரும் பிள்ளைக்குக் கோயிலில் ஒத்தும் பக்க நாயனமும் காத்திருக்க வேண்டும். அந்த இடங்களை நிரப்பிவிட்டால், அடுத்த தேருக்கு மல்லாரி வாசிக்க ஆள் தானே வரும்.