பார்க்காத ஊருக்கு ஒரு பாட்டு

1977-ஆம் ஆண்டு அமெரிக்க வானொலிகளில் ஓர் ஊரின் பெயர் ஓயாமல் ஒலித்துக் கொண்டிருந்தது: 'லுக்கன்பாக், டெக்சாஸ்'. பாடியவர் வேலன் ஜென்னிங்ஸ். கடைசிப் பகுதியில் வில்லி நெல்சனும் சேர்ந்து கொள்வார். பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் ஆறு வாரம் முதலிடம். எல்லா வகைப் பாடல்களும் இடம்பெறும் பொதுப் பட்டியலில் 25-ஆம் இடம்.

பாட்டின் கதை எளிமையானது. காசு பணம் சேர்ந்துவிட்ட ஒரு தம்பதி. நான்கு கார் நிறுத்த இடமிருந்தும் வீட்டில் நிம்மதி இல்லை, ஓயாத சண்டை. இதெல்லாம் வேண்டாம், லுக்கன்பாக் போய் பழையபடி அன்பாக வாழலாம் வா என்று கணவன் கூப்பிடுகிறான். அவ்வளவுதான்!

வேடிக்கை என்னவென்றால், இதை எழுதிய சிப்ஸ் மோமன், பாபி எம்மன்ஸ் இருவருமே அதற்கு முன் லுக்கன்பாக்கைப் பார்த்ததில்லை. இருவரும் மெம்ஃபிஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஊறியவர்கள். 1969-இல் எல்விஸ் பிரெஸ்லியின் புகழ்பெற்ற பாடல்களைப் பதிவு செய்த கூட்டம் அது. பாடிய ஜென்னிங்ஸும் அந்த ஊருக்குப் போனதில்லை. தன் சுயசரிதையில் அவரே இதை ஒப்புக்கொள்கிறார்.

சரி, உண்மையான லுக்கன்பாக் எப்படி இருந்தது? டெக்சாஸின் மலைப்பகுதியில், ஃப்ரெடெரிக்ஸ்பர்க் நகருக்குப் பக்கத்தில், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்களின் சிற்றூர். மின்னா எங்கல் என்ற பெண், தான் கைப்பிடித்த ஆல்பர்ட் லுக்கன்பாக்கின் பெயரையே ஊருக்கு வைத்தார் என்பது அந்த ஊர்க் கதை. ஆக, ஊர்ப்பெயரிலேயே ஒரு காதல் இருக்கிறது. பாட்டு எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1960களுக்குள் ஊர் ஏறக்குறைய காலி. 1970களின் தொடக்கத்தில், "மக்கள்தொகை 3, விற்பனைக்கு" என்று பத்திரிகையில் விளம்பரமே வந்துவிட்டது. ஹோண்டோ க்ரவுச் என்ற பண்ணைக்காரர் இரண்டு கூட்டாளிகளோடு 30,000 டாலருக்கு ஊரையே வாங்கினார். ஒரு மளிகைக் கடை, ஒரு நடன மண்டபம், சில மரங்கள். தனக்குத் தானே மேயர் பட்டம் சூட்டிக்கொண்டு, மண்கூடு கட்டும் குளவிக்கெல்லாம் விழா எடுத்தார் மனிதர்! 1973-இல் ஜெர்ரி ஜெஃப் வாக்கர் அந்த மண்டபத்தில் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். இசைக்காரர்கள் நடுவே ஊரின் பெயர் பரவியது அதன் பிறகுதான்.

பாட்டில் வரும் கிராமத்தில் உழவு இல்லை, வறட்சி இல்லை, கடன் இல்லை, ஊரைவிட்டுப் போனவர்களும் இல்லை. நகரத்தில் களைத்துப்போனவனின் கனவுக் கிராமம் அது. அதனால்தான் இவ்வளவு பேருக்குப் பிடித்தது. உண்மையான கிராமத்தைப் பாடியிருந்தால் அந்தத் தம்பதி அங்கே ஒரு வாரம்கூடத் தங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் க்ரவுச் நடத்தியதும் ஒரு வகையில் விளையாட்டு ஊர்தானே? அந்த விதத்தில் பாட்டு ரொம்பவும் பொய் சொல்லிவிடவில்லை.

பாட்டு வெற்றி பெற்றதும் ரசிகர்கள் ஊரைத் தேடி வந்தார்கள். வந்தவர்கள் சாலையோரத்துப் பெயர்ப்பலகையையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். புதிது வைத்தால் அதுவும் காணாமல் போனது! இதையெல்லாம் பார்த்துச் சிரிக்க க்ரவுச் இல்லை. பாட்டு வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே, 1976 செப்டம்பரில், அவர் இறந்துவிட்டார்.