பெயரில்லாப் பெட்டியின் ஐந்து கால்கள்

இரண்டு அங்குலச் சதுரத்தில் ஒரு தகரப் பெட்டி. தலையில் 5.000 மெகாஹெர்ட்ஸ் என்ற எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. செய்தவர் பெயர் இருந்த இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். அடியில் ஐந்து கால்கள். எந்தக் கால் எதற்கு என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பங்காருபேட்டையிலிருந்து வரும் ரயில் பாதை முடிகிற மாரிகுப்பத்தில், ஒரு காயலான் கடையில் கிடைத்தது.

“நியூட்ரினோ மெஷின்ல இருந்தது சார்” என்றார் கடைக்காரர்.

மாரிகுப்பம் இருக்கும் கோலார் தங்கவயலில் இந்தச் சொல்லைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தார்கள். மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், மியாகே, உல்ஃபெண்டேல் ஆகிய பெயர்கள் அந்த வரலாற்றில் இருக்கின்றன. 1980 முதல் புரோட்டான் சிதைவைத் தேடும் கருவியும் அதே சுரங்கத்தில் ஓடியது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. கடைக்காரர் சொன்னதைச் சோதிக்க எனக்கு ஒரே வழி, பெட்டியையே விசாரிப்பது.

நல்லவேளையாக, பெட்டியை யாரும் தனியாகக் கழற்றவில்லை. உள்ளங்கை அகலச் சர்க்யூட் போர்டோடு சேர்த்து அறுத்திருந்தார்கள். பழைய மின்னணுப் பொருளைச் சேர்ப்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: சூடுகாட்டிப் பாகத்தை மட்டும் உருவி எடுக்காதீர்கள். கையேடு தொலைந்துபோன பாகத்துக்கு, அதைச் சுற்றிப் பற்றவைத்திருப்பவைதான் சாட்சி.

போர்டில் ஒரு 7404 ஐசி இருந்தது. அதன் முதுகில் 8419 என்ற எண். 1984ஆம் ஆண்டின் 19ஆவது வாரத்தில் அந்த ஐசி தயாரானது என்று பொருள். போர்டு அதற்கு முன் உருவாகியிருக்க முடியாது. ஆகவே 1965 சோதனை கணக்கிலிருந்து விலகியது. புரோட்டான் சிதைவுச் சோதனையின் இரண்டாம் கருவி 1985இல் இயங்கத் தொடங்கியது. காலம் அதற்குப் பொருந்துகிறது. பாறைவெடிப்புகளைப் பதிவுசெய்த நிலஅதிர்வுக் கருவிகளும் அந்தக் காலத்தில் அங்கே இருந்தன. ஊர்க்காரர்கள் அந்த வெடிப்பை ஏர்பிளாஸ்ட் என்பார்கள். கெட்டிப் பாறையில் அதிர்வு நொடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடும். ஒரு மில்லிநொடி பிசகினால் வெடித்த இடம் ஐந்தாறு மீட்டர் தள்ளிப்போகும். நேரத்தைத் துல்லியமாக அளப்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

சரி, கால்களுக்கு வருவோம். தலையில் இருந்த மெகாஹெர்ட்ஸ் எழுத்தே இது குவார்ட்ஸ் ஆசிலேட்டர் என்று சொல்லிவிட்டது. குவார்ட்ஸைச் சூடாக வைக்கும் ஓவனும் உள்ளே இருக்கலாம்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தகரத்தில் வைத்து மற்றதை ஒவ்வொரு காலாகத் தொட்டேன். ஒரு கால் மட்டும் தகரத்தோடு இணைந்திருந்தது, அது கிரவுண்ட். இரண்டாவது காலுக்கு அகலமான ட்ராக் வந்தது. அதன் ஓரத்தில் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், மைனஸ் முனை கிரவுண்டில். அதுதான் சப்ளை. கெப்பாசிட்டருக்குத் தாங்கும் அளவில் பாதியோ சற்று அதிகமோ கொடுப்பதுதான் வடிவமைப்பாளர் வழக்கம் என்பதால் 12 அல்லது 15 வோல்ட் என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது கால் ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியாக 7404இன் 1ஆம் காலுக்குப் போனது. 7404இல் அது உள்ளீடு. உள்ளீட்டை நோக்கி வருவது ஆசிலேட்டரின் அவுட்புட்டாகத்தான் இருக்க வேண்டும். எஞ்சிய இரண்டும் ஒரு மல்டிடர்ன் பிரீசெட்டில், அதாவது பல சுற்றுத் திருகி மாற்றும் மின்தடையில், முடிந்தன: ஒன்று ஓரத்தில், மற்றது நடுக்காலில். பிரீசெட்டின் மறு ஓரம் கிரவுண்ட். ஆக, ஓரத்தில் இருப்பது பெட்டியே தரும் ரெஃபரன்ஸ் வோல்டேஜ். நடுக்கால் அலைவெண்ணைத் திருத்தும் உள்ளீடு.

ஓம் அளவை வைத்து ஓவனின் ஹீட்டரைப் பிடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நம்ப வேண்டாம், பல ஓவன் ஆசிலேட்டர்களில் டிரான்சிஸ்டரே ஹீட்டர். மின்னோட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். கரண்ட் லிமிட் வைத்த பவர் சப்ளையில் மெல்ல ஏற்றி 12 வோல்ட்டில் நிறுத்தினேன். 450 மில்லிஆம்பியர் இழுத்தது. தகரம் சூடேறச் சூடேற 130க்கு இறங்கி அங்கேயே நின்றது. உள்ளே ஓவன் உண்டு, அதற்கும் இதே கால்தான் என்பது உறுதியாயிற்று. குவார்ட்ஸின் அலைவெண் வெப்பத்தோடு நகரும். அதனால் அதைச் சுற்றுப்புறத்தைவிடச் சூடான அறையில் பூட்டுகிறார்கள். ஆழ்மட்டப் பாறையே 60 டிகிரியைத் தாண்டிய ஊரில் இதன் அருமை தனி.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1987 பிப்ரவரி 23 நினைவிருக்கட்டும். ஒரு விண்மீன் வெடித்தபோது கிளம்பிய நியூட்ரினோக்களை ஜப்பானின் காமியோகாண்டே கருவி பிடித்தது. ஆனால் அதன் கடிகாரம் ஒரு நிமிடம்வரை பிசகக்கூடியதாக இருந்தது. அமெரிக்காவின் ஐஎம்பி கருவி பதிந்த நேரத்தோடு ஒட்டிப் பார்க்க நேர்ந்தது.

ஆசிலாஸ்கோப்பில் சுத்தமான சைன் அலை வந்தது. சப்ளையை 11.5க்கு இறக்கி 12.5க்கு ஏற்றியபோதும் ரெஃபரன்ஸ் கால் 6 வோல்ட்டிலிருந்து அசையவில்லை. ஜிபிஎஸ்ஸோடு பிணைத்த கவுண்டரில் அலைவெண் 5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றரை ஹெர்ட்ஸ் குறைவு. பிரீசெட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினால் ஆறு ஹெர்ட்ஸ் நகர்கிறது. நாற்பது ஆண்டு முதுமையையும் இழுத்துச் சரிசெய்ய அந்த இடைவெளி போதும்.