தோட்டக் கூட்டுறவும் அதன் வாரிய நிர்வாகமும் (பேராக், மலேசியா)

தோட்டக் கூட்டுறவு என்பது, மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தொழிலாளர் பணம் சேர்த்துக் கடன், நிலம், வீடு ஆகிய தேவைகளைத் தாங்களே நிறைவேற்றிக்கொள்ள அமைத்த சங்கங்களைக் குறிக்கும். உறுப்பினர் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கும் வாரியமே இச்சங்கங்களை நடத்துகிறது. பேராக் மாநிலத் தமிழரைப் பொறுத்தவரை, வீட்டுக் கூட்டுறவின் வரலாற்றை இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகவே இருந்தன. லயத்து வீடு, அதாவது தொழிலாளருக்கான வரிசை வீடு, முதலாளிக்குச் சொந்தம். வேலை போன குடும்பம் கூரையையும் விட்டுப் போக வேண்டும். எனவே நிலத்தைக் காப்பதற்காகத் தொடங்கப்பட்ட சங்கமும் நடைமுறையில் வீட்டைக் காக்கும் சங்கமாகவே இருந்தது.

இச்சங்கங்கள் நன்றாக நடந்தனவா என்ற கேள்விக்குச் சட்டப் பிரிவுகளிலேயே விடை தேடுவது வழக்கம். அது பாதி விடைதான். வாரியத்தை உறுப்பினர் எங்கே சந்திக்கிறார், எவ்வளவு எளிதாகச் சந்திக்கிறார் என்பதே வாரியத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானித்திருக்கிறது. தோட்டம் இருந்தவரை அந்தச் சந்திப்பு தானாக நடந்தது. தோட்டம் போனபின் அதை வேண்டுமென்றே ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இல் வந்தது. அஞ்சல், தந்தி ஊழியரின் சிக்கனக் கடன் சங்கம் அதே ஆண்டு ஜூலையில் முதலாவதாகப் பதிவானது. அரசு ஊழியரிடையே தொடங்கிய இயக்கம் அடுத்த சில ஆண்டுகளில் தோட்டங்களுக்கும் பரவி, இந்தியத் தொழிலாளருக்கெனச் சிறு சிக்கனச் சங்கங்கள் தோன்றின. இவற்றின் நிர்வாகக் குழு அந்தந்தத் தோட்டத்துக்குள்ளேயே அமைந்தது. கணக்கை எழுதியவர் பெரும்பாலும் கிராணியாகவோ (தோட்ட எழுத்தராகவோ) படித்த வேறு ஊழியராகவோ இருந்தார் என்பர். இதைக் குறையாகக் காண்போர் உண்டு. தொழிலாளி தன்னை வேலை வாங்குபவரிடமே கணக்குக் கேட்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியே. ஆனாலும் குழு உறுப்பினரை விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) நாள்தோறும் நேரில் பார்க்க முடிந்த காலம் அது. ஜப்பானியர் ஆட்சியும், அவர்கள் தோட்டத் தொழிலாளரைக் கட்டாய வேலைக்கு அனுப்பிய சயாம் மரண ரயில்பாதையும் தோட்ட மக்களைச் சிதறடித்தபோது இச்சங்கங்களும் ஓய்ந்தன. 1948இல் புதிய கூட்டுறவுச் சட்டம் வந்தது.

அதே 1948ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று, ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் பிறந்தது. சரியாக 29 ஆண்டுகளுக்கு முன், 1919 ஜூன் 16 அன்று, அதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், பின்னாளில் தோட்டத் தொழிலாளரின் நிலக் கூட்டுறவுக்கு முன்னின்ற வீ. தி. சம்பந்தன். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1955இல் ம.இ.கா.வின் (மலாயா இந்தியர் காங்கிரஸின்) தலைவரானார்; விடுதலை பெற்ற நாட்டின் முதல் அமைச்சரவைகளில் தொடர்ந்து இடம்பெற்றார். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழ முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், ஒரு தோட்டம் கைமாறும்போது என்னென்ன நடக்கும் என்பதை முதலாளியின் பக்கமிருந்தும் அறிந்திருந்தார். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இது உதவும்.

அந்நாளில் தோட்ட மக்களை அச்சுறுத்தியது துண்டாடல். அவசரகாலத்தின் கலவரமும் விடுதலைக்குப் பின் என்ன ஆகுமோ என்ற ஐயமும் சேர்ந்து, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பலவற்றைத் தோட்டங்களை விற்கத் தூண்டின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பலருக்கு விற்றனர். துண்டு வாங்கியவர் தம் குடும்பத்தைக் கொண்டோ குத்தகைக்காரரைக் கொண்டோ பால் எடுத்தார். பழைய தொழிலாளிக்கு வேலை இல்லை, லயமும் இல்லை. மருந்தகம், ஆயக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்), தமிழ்ப்பள்ளி எல்லாம் ஒரு தோட்டத்தின் ஒட்டுமொத்த வருமானத்தை நம்பி நின்றவை. தோட்டம் துண்டானதும் அவையும் ஆதரவிழந்தன. பேராசிரியர் உங்கு அஜீஸ் தலைமையிலான குழு 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை தந்தது. பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்ற நிலை வந்தது. சட்டம் வருவதற்கு முன்பே ஏராளமான குடும்பங்கள் வெளியேறியிருந்தன.

இதற்கு விடையாக 1960இல் அமைந்ததே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். துண்டாடலை எதிர்த்து மேடையில் பேசுவதைவிட, விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே முழுதாக வாங்கிவிடுவது நல்லது என்பது அதன் அடிப்படை. ஒரு பங்கு 100 வெள்ளி (அன்றைய மலாயா டாலர்). அதைச் சிறு தொகையாக மாதந்தோறும் கட்டலாம். அன்றைய பால்மரத் தொழிலாளிக்கு அது பெரிய தொகை. வெளியிலிருந்து வந்து பணம் கேட்டவர்களிடம் ஏமாந்த அனுபவம் தோட்டங்களில் ஏராளம். அதனால் நம்பிக்கை பிறக்க வேண்டியிருந்தது. அமைச்சராக இருந்த சம்பந்தனே தோட்டம் தோட்டமாகச் சென்று, மாலையில் வேலை முடிந்து வந்தவர்களை உட்காரவைத்துப் பங்கைப் பற்றி விளக்கினார். இந்தப் பயணங்களைப் பதிவுகள் பாராட்டுரையாகவே சொல்கின்றன. நிர்வாக வரலாற்றில் அவற்றின் பொருள் இன்னும் ஆழமானது. கோலாலம்பூரில் இருந்த ஒரு வாரியத்துக்கும் பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த உறுப்பினருக்கும் இடையிலான தொலைவை ஒரு மனிதர் தம் பயணங்களால் குறைத்தார். உறுப்பினர் வாரியத்திடம் போகாத இடத்தில் வாரியம் உறுப்பினரிடம் வந்தது. 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு தோட்டங்களும் சேர்ந்தன.

இந்த முயற்சி துண்டாடலை எந்த அளவுக்குத் தடுத்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. துண்டான நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் வாங்கியது சிறு பகுதியே என்பார் ஒரு சாரார். சங்கம் வாங்கும் என்ற வாய்ப்பே விற்பவர்களையும் அரசையும் யோசிக்கவைத்தது என்பார் மறுசாரார். முதல் கருத்துக்கு அளவு துணை நிற்கிறது. இரண்டாவதை நிறுவுவது எளிதன்று. சங்கம் தோட்டத்தை முழுதாக வைத்திருந்த இடங்களில் லயமும் வேலையும் பிழைத்தன என்பதை இரு சாராரும் ஒப்புக்கொள்கின்றனர்.

சம்பந்தன் 1979 மே 18 அன்று காலமானார். அவருக்குப் பின் துணைவியார் தோ புவான் உமா சம்பந்தனும், பிறகு நீண்ட காலம் டான்ஸ்ரீ கே. ஆர். சோமசுந்தரமும் சங்கத்தை வழிநடத்தினர். கோலாலம்பூரில் ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள விஸ்மா துன் சம்பந்தன் சங்கத்தின் தலைமையகம். ஒருவரே பல ஆண்டுகள் தலைமையில் இருப்பது கூட்டுறவுக்கு ஒவ்வாது என்ற வாதம் இச்சங்கம் பற்றியும் எழுந்ததுண்டு. 1986ஆம் ஆண்டின் நிகழ்வுகளை அருகில் வைத்தே அதை எடைபோட வேண்டும்.

அந்த ஆண்டு மலேசிய மத்திய வங்கி 24 வைப்புநிதிக் கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை முடக்கியது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சேமிப்பாளரின் பணம் சிக்கியது. அரசின் வெள்ளை அறிக்கை சுட்டிய காரணங்களில் முதன்மையானவை, இயக்குநர்கள் தங்களோடு தொடர்புள்ளோருக்குக் கடன் கொடுத்ததும் ஊக வாணிகத்தில் இறங்கியதுமாகும். நிலத்தை நிலமாகவே வைத்துக்கொண்டு மெதுவாக நடந்த தோட்டக் கூட்டுறவு அந்தப் புயலுக்குத் தப்பியது. நீண்டகாலத் தலைமையின் நிதானமே அதற்குக் காரணம் என்று அதன் ஆதரவாளர் கூறுகின்றனர். அதில் உண்மை உண்டு. எனினும் 1986இல் விழுந்த சங்கங்கள் தலைமை மாறியதால் விழவில்லை. தலைமையை யாரும் கேள்வி கேட்காததால் விழுந்தன. நிதானமும் பொறுப்புக் கூறலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஆகவே நீண்ட தலைமை நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அத்தலைமையிடம் கணக்குக் கேட்கும் வழி திறந்திருந்ததா என்று கேட்பதே பொருத்தம்.

அந்த வழியை வரையறுப்பது 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம். பொதுக்கூட்டமே சங்கத்தின் உச்ச அதிகாரம். பங்கு எவ்வளவு இருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. வாரியத்தில் 6 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். வாரியத்தில் இல்லாத உறுப்பினர்களைக் கொண்டு 3 முதல் 6 பேர் வரையிலான உட்கணக்காய்வுக் குழு தனியே அமையும். சங்கம் எவ்வளவு கடன்படலாம் என்ற உச்சவரம்பு, லாப ஈவு, வாரியத்தாரின் மதிப்பூதியம் ஆகியவற்றைப் பொதுக்கூட்டமே தீர்மானிக்கும். 2008 முதல் மலேசியக் கூட்டுறவு ஆணையம் மேற்பார்வை செய்கிறது. உறுப்பினர் பெருந்தொகையாக உள்ள சங்கங்களில் வட்டாரக் கூட்டங்கள் பேராளரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, பேராளர் கூட்டம் வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையும் உண்டு.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று கேட்கலாம். பேராக்கின் பிற்கால வரலாறு இதற்கு விடை தருகிறது. 1985இல் ஈய விலை வீழ்ந்து கிந்தா பள்ளத்தாக்கு தளர்ந்தது. ரப்பர் இடத்தில் செம்பனை வந்தது. ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல, தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகள் தாமான்களில் குடியேறினர். வேறு சிலர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் லயங்களின் தரத்தைப் பேசியது. சொந்த வீட்டை அது தரவில்லை. வெளியேற்றப்பட்ட தோட்ட மக்களின் வீட்டுக் கோரிக்கை சுங்கை சிப்புட் தொகுதி அரசியலின் நிலையான பொருளாயிற்று. இச்சிதறலில் வட்டாரக் கூட்டத்துக்கு வருவோர் மூத்த உறுப்பினராகவே இருந்தால், பேராளரும் அவர்களிடையே இருந்தே வருவர். வாரியமும் அவ்வாறே அமையும். இங்கே எந்த விதியும் மீறப்படவில்லை. எனினும் பங்கு வைத்திருப்போரில் பெரும்பாலோர் கூட்டத்தில் இல்லாதவர்களாகிவிடுகின்றனர். அப்போது வாரியத்தைக் கண்காணிக்கும் வேலை ஆணையத்தின் தலையில் விழுகிறது.

அரசு கண்காணித்தால் போதாதா என்பது அடுத்த மறுப்பு. தமிழ்நாடு இதற்கு நல்ல எச்சரிக்கை. சென்னை அடையாற்றில் காந்தி நகரை உருவாக்கியது உறுப்பினரே நடத்திய ஒரு வீடுகட்டும் கூட்டுறவுச் சங்கம். அதே மாநிலத்தில் பின்னர் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்கள் கலைக்கப்பட்டு, சங்கங்கள் நீண்ட காலம் அரசின் தனி அலுவலர்களிடம் இருந்தன. தணிக்கைத் தாள்கள் நிறைந்தாலும், சங்கம் தம்முடையது என்ற எண்ணம் உறுப்பினரிடம் தேய்ந்தது. அதிகாரி தவறைக் கண்டுபிடிக்கலாம். எந்தத் தோட்டத்தை விற்று எங்கே வீடு கட்டுவது, லாப ஈவாகப் பிரிப்பதா நிலத்தில் போடுவதா என்ற தெரிவுகளை உறுப்பினர்தான் செய்ய வேண்டும்.

இப்படிப் பார்த்தால், வீட்டுக்காகவே அமையும் கூட்டுறவு, நிலக் கூட்டுறவைவிட ஒரு வகையில் வலிமையானது. அதன் உறுப்பினர் சங்கம் கட்டிய வீட்டிலேயே வாழ்கிறார். சாக்கடை அடைத்தால் வாரியத் தலைவரின் கதவைத் தட்டலாம். பழைய பெரட்டு தந்த அண்மை அங்கே வேறு வடிவில் திரும்புகிறது. நிலக் கூட்டுறவில் உறுப்பினர் சொத்தின் மேல் வாழ்வதில்லை. ஆண்டுக்கொருமுறை வரும் லாப ஈவுதான் அவருக்கும் சங்கத்துக்கும் உள்ள தொடர்பு. அத்தகைய சங்கம் வட்டாரக் கூட்டங்களை ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் போன்ற ஊர்களில், வேலைக்குச் செல்லும் இளையோர் வரக்கூடிய நேரத்தில் நடத்துவதும், கணக்கறிக்கையைப் படித்துப் புரியும் தமிழில் முன்கூட்டியே அனுப்புவதும் மரியாதைக்காகச் செய்யும் கூடுதல் வேலைகள் அல்ல. வாரியத்தின் அதிகாரம் நியாயமாவதே அவற்றால்தான்.

2021இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு கூட்டுறவைத் தொடங்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை 20 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரே தாமானில் வாழும் முன்னாள் தோட்டக் குடும்பங்களுக்கும் இது எட்டக்கூடிய எண்ணிக்கை. பெற்றோரின் பங்கை எதிர்பார்த்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. உறுப்பினர் இறந்தால் பங்குத்தொகை அவர் நியமித்த வாரிசுக்குச் சேரும், வாக்கு சேராது. அது வேண்டுமென்றால் வாரிசு தாமே விண்ணப்பித்துச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும்.