காஸ்டர்டன் பள்ளி

காஸ்டர்டன் பள்ளி, வடமேற்கு இங்கிலாந்தில் கிர்க்பி லான்ஸ்டேல் ஊருக்கு அருகே இயங்கிவந்த தனியார் பெண்கள் பள்ளி. ஏழை ஆங்கிலிக்கன் குருமாரின் பெண்பிள்ளைகளுக்காக வில்லியம் கேரஸ் வில்சன் என்ற குருவானவர் 1824 ஜனவரியில் பக்கத்துக் கோவன் பிரிட்ஜ் சிற்றூரில் இதைத் தொடங்கினார். அப்போது அதன் பெயர் குருமார் மகளிர் பள்ளி. உணவு, உறைவிடம், படிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக் கட்டணம் 14 பவுண்டு. மீதிச் செலவை நன்கொடையாளர்கள் ஏற்றார்கள்.

மனைவியை இழந்திருந்த ஹவொர்த் குரு பேட்ரிக் பிராண்டி, அதே ஆண்டில் தம் மகள்கள் மரியா, எலிசபெத், சார்லட், எமிலி நால்வரையும் இங்கே அனுப்பினார். எட்டு வயது சார்லட் வயதுக்கு மீறிய சூட்டிகை, ஆனால் எதையும் முறையாகப் படிக்கவில்லை என்று சேர்க்கைப் பதிவேடு குறித்துவைத்தது. ஞாயிறுதோறும் பிள்ளைகள் இரண்டு மைலுக்கு மேல் நடந்து டன்ஸ்டால் தேவாலயத்துக்குப் போக வேண்டும். குளிர்காலத்திலும் அப்படித்தான். இரண்டு ஆராதனைகளுக்கு நடுவே, வாசல் மண்டபத்தின் மேலுள்ள சிறு அறையில் ஆறிப்போன சாப்பாடு.

1825 வசந்தத்தில் பள்ளியில் காய்ச்சல் பரவியது. ஆனால் மரியாவையும் எலிசபெத்தையும் கொண்டுபோனது காசநோய். இருவரும் நோயோடு வீடு திரும்பி, மே 6ஆம் தேதி மரியாவும் ஜூன் 15ஆம் தேதி எலிசபெத்தும் இறந்தார்கள். மரியாவுக்கு வயது 11, எலிசபெத்துக்கு 10. சார்லட்டையும் எமிலியையும் ஜூன் தொடக்கத்திலேயே தந்தை அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் சார்லட் எழுதி 1847இல் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலின் லோவுட் பள்ளி இந்தப் பள்ளிதான். அதில் வரும் ஹெலன் பர்ன்ஸ் என்ற சிறுமி, அக்கா மரியாவின் சாயல். எலிசபெத் காஸ்கெல் எழுதிய சார்லட்டின் வாழ்க்கை வரலாறு 1857இல் வெளிவந்தபோது, பள்ளியைப் பற்றி அதில் இருந்ததை வில்சனின் தரப்பினர் கடுமையாக மறுத்தார்கள். மூன்றாம் பதிப்பு திருத்தப்பட்டது. வில்சனின் நல்லெண்ணத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவருடைய கண்டிப்பான சமய ஒழுக்கத்தில் பசிக்கும் குளிருக்கும் இரக்கம் கிடைக்கவில்லை என்பதே சார்லட்டின் சாட்சி. அதை ஒதுக்கிவிட முடியாது.

பள்ளி 1833இலேயே காஸ்டர்டனுக்கு இடம்பெயர்ந்திருந்தது. பிற்காலத்தில் செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியை வளர்த்தெடுத்த டொரொதியா பீல் 1857இல் இங்கே தலைமையாசிரியையாக இருந்தார். நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் அந்த ஆண்டே விலகினார். குருமார் குடும்பங்களுக்கு என்றிருந்த பள்ளி காலப்போக்கில் மற்றப் பெண்களுக்கும் கதவைத் திறந்தது.

2013இல் செட்பர்க் பள்ளியோடு இணைந்ததும் தனிப் பெண்கள் பள்ளி என்ற அடையாளம் முடிந்தது. காஸ்டர்டன் வளாகம் செட்பர்க்கின் சிறுவர் பிரிவானது. கோவன் பிரிட்ஜில் பழைய பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதி இன்று குடியிருப்பு வீடுகள். சுவரில் பிராண்டி சகோதரிகளின் பெயர் பொறித்த பலகை இருக்கிறது.