வரவு, வசூல், வாய்தா: கொடுக்கல் வாங்கலில் நன்றியின் இடம்

வடசென்னையின் பேசின் பிரிட்ஜ் என்னும் பெயர் மறைந்துபோன ஒரு படகுத்துறையின் நினைவாக நிற்கிறது. 1806-இல் எண்ணூர் வரை அமைந்த காக்ரேன் கால்வாய், 1877-78 பஞ்ச நிவாரணப் பணிகளுக்குப் பின் பக்கிங்காம் கால்வாய் என்னும் பெயரைப் பெற்றது. அதில் வந்த படகுகள் தங்கிச் சரக்கிறக்கிய நீர்த்தேக்கமே 'பேசின்'. உப்பும் விறகும் அங்கே வந்திறங்கின. அருகிலுள்ள 'சால்ட் கொட்டார்ஸ்' என்னும் சரக்கு நிலையத்தின் பெயரில், பண்டகசாலையைக் குறிக்கும் 'கொட்டாரம்' என்ற நம் சொல்லே ஆங்கிலேயர் நாவில் திரிந்து வழங்குகிறது. இன்று படகுகள் இல்லை. இருப்புப் பாதைகளும் கிடங்குகளும் கடைசல் பட்டறைகளும் சூழ்ந்த பகுதி அது. ஆயினும், சரக்கு கைமாறும்போது எழுதப்படும் சீட்டின் சொற்கள் பெரிதும் மாறவில்லை.

அச்சொற்களைச் சற்றே நோக்குவோம். அசல், பாக்கி, வசூல், ஜாமீன், வாய்தா, தகராறு ஆகிய அனைத்தும் அரபு வேரின. மதரஸாவின் வழியாக அன்று, பெரும்பாலும் கச்சேரியின் வழியாகவே இவை தமிழுக்கு வந்தன. ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் பார்சி ஆட்சிமொழியாக விளங்கியது. வரிக் கணக்கோடு இச்சொற்கள் கடைத்தெருவிலும் புகுந்தன. 'வசூல்' என்பதற்கு அரபியில் வந்து சேர்தல் என்பது பொருள். 'ரசீது' என்பது 'வந்து சேர்ந்தது' எனப் பொருள்படும் பார்சிச் சொல். தமிழன் தன் பேரேட்டில் எழுதும் 'வரவு' என்பதும் அதுவே. மும்மொழி வணிகரும் பணத்தை வழிநடந்து வரும் ஒரு விருந்தாளியைப் போலக் கண்டுள்ளனர். 'வாய்தா'வின் கதைதான் வருத்தத்திற்குரியது. 'வஅத்' என்னும் வேரிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு வாக்குறுதி என்பது பொருள். தமிழிலோ அது தள்ளிப்போடுதலுக்குப் பெயராகிவிட்டது!

இனி, பில் என்றே யாவரும் வழங்கும் அந்தச் சீட்டின் தோற்றத்தைக் காண்போம். தலையில் 786 என்றோ பிள்ளையார் சுழியோ இருக்கும். (786 எழுதுவதன் மார்க்க நிலை தனிக் கட்டுரைக்குரியது, ஈண்டு அதனைத் தொடவில்லை.) அடியில் 'நன்றி, மீண்டும் வருக' என்றிருக்கும். அதாவது, விற்றவர் வாங்கியவருக்கு நன்றி கூறுகிறார். இது நல்ல வழக்கமே. நம் வணிகர் மரபில் இதற்கு நெடிய வேர் உண்டு. படி அளக்கும்போது முதற்படியை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்பதும், அளந்த பின் ஒரு கைப்பிடி கொசுறு இடுவதும் அம்மரபினவே. அண்ணல் நபி (ஸல்) அவர்களும் கூலிக்கு நிறுப்பவர் ஒருவரிடம், தட்டுச் சற்றே தாழும்படி நிறுக்குமாறு கூறியதைத் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். ஆனால் அங்கே பொருளை வாங்கியவர்கள் அண்ணலாரே. நிறுக்கப்பட்டது அவர்கள் கொடுக்கவேண்டிய விலை. கொசுறு, விலை கொடுப்பவரின் கையிலிருந்து சென்றது. ஜாபிர் (ரலி) அவர்களிடம் ஒட்டகத்தை விலைக்கு வாங்கியபோதும் பேசியதற்கு மேல் எடையிட்டுக் கொடுக்கச் செய்தார்கள். பின்னர் ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பியளித்தார்கள்.

இவ்விடத்தில்தான் நம் காலத்துச் சீட்டிற்கும் பழைய நெறிக்கும் உள்ள வேறுபாடு புலனாகிறது. ஹுனைன் போரை முன்னிட்டு அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆ (ரலி) அவர்களிடம் அண்ணலார் பெருந்தொகை ஒன்றைக் கடனாகப் பெற்றார்கள். பொருள் வந்ததும் திருப்பிக் கொடுத்து, அவருடைய குடும்பத்திலும் செல்வத்திலும் பரக்கத் உண்டாக இறைஞ்சி, கடனுக்குக் கைம்மாறு இரண்டு என உணர்த்தினார்கள்: ஒன்று புகழ்ந்துரைத்தல், மற்றொன்று செலுத்துதல். நஸாயீயின் அறிவிப்பில் புகழ்தல் முந்துகிறது. இப்னு மாஜாவின் அறிவிப்பில் நிறைவேற்றுதல் முந்துகிறது. எது முந்தினும் இரண்டும் கொடுக்கவேண்டியவர் மேலேயே சுமத்தப்பட்டுள்ளன. கைமாற்றுக் கடனுக்குக் கூறப்பட்டது கடன் விற்பனைக்குப் பொருந்துமா என்று வினவலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. சரக்கை ஒப்படைத்துவிட்டுப் பணத்திற்குக் காத்திருப்பவர் செய்வதும் ஓர் உதவியே.

திருமறையின் 2:282-ஆம் வசனம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. கடன் பத்திரத்தை எழுத்தர் நீதியுடன் எழுத வேண்டும். ஆனால் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் எவர் மீது பொறுப்பு உள்ளதோ அவரே. இறைவனை அஞ்சி, எதனையும் குறைக்காமல் அவர் சொல்ல வேண்டும். நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது. விற்றவர் பில் எழுதுகிறார். வாங்கியவர் அதில் குறை தேடுகிறார்.

இது ஏட்டு ஆராய்ச்சி மட்டுமன்று. பெருநிறுவனங்களுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் சிறு பட்டறைக்காரர் பில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் நடக்கிறார். அவருடைய நினைவூட்டுக் கடிதத்தில் 'தயவுசெய்து' என்னும் சொல் மும்முறை வருகிறது. பணிவு பாக்கி வைத்தவரிடம் இல்லை. உரிமையுடையவரிடம் அச்சமாக உறைந்திருக்கிறது. தமக்குரிய ஒட்டகத்தைக் கடுஞ்சொல்லால் கேட்ட ஒருவரைத் தோழர்கள் அடக்க முனைந்தபோது, உரிமையுடையவருக்குப் பேச இடமுண்டு என்று அண்ணலார் தடுத்து, அதனினும் மேலான ஒட்டகத்தைக் கொடுக்கச் செய்ததைப் புகாரீ பதிவு செய்துள்ளார். வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநீதி என்ற நபிமொழியும் அத்தொகுப்பிலேயே உள்ளது. வசதியற்றவரின் நிலை வேறு; அவருக்கு அவகாசம் தருமாறு 2:280-ஆம் வசனம் பணிக்கிறது. அவகாசம் என்னும் சலுகையை இன்று பெரிதும் துய்ப்பவர் வசதியுள்ளவரே!

நாட்டின் சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், 2006, குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாட்களுக்குள் செலுத்த விதிக்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், காலத்தில் செலுத்தாத தொகையை அவ்வாண்டின் செலவாக வரிக்கணக்கில் காட்டுவதையும் தடுத்தது.

முஸ்லிம் பட்டறைக்காரருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. சட்டம் தரும் அந்த வட்டியை அவர் மனச்சான்று ஏற்காது. இஸ்லாமிய நிதி நிறுவனங்கள் பல, இழுத்தடிப்பவரிடம் பெறும் அபராதத்தை அறப்பணிக்கு ஒதுக்கி இச்சிக்கலைக் கடந்துள்ளன. அத்தீர்வு ரிபாவிலிருந்து காக்கிறது. ஆயின் அபராதம் அறப்பணிக்குப் போனாலும், கூலியாட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் தரவேண்டிய பட்டறைக்காரருக்கு அதில் ஒரு காசும் வாராது. அவர் கேட்பது அசலைத்தான், அதுவும் வாய்தா நாளில்.