புலம் பிரிந்த உயிர்கள்

கொள்ளேகாலிலிருந்து மாதேசுவர மலைக்குச் செல்லும் சாலையில் இருப்பது ஹனூர். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதிவரை இப்பகுதி சென்னை இராஜ்யத்தில், கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த கொள்ளேகால் தாலுக்காவில் அடங்கியிருந்தது. நவம்பர் முதல் நாள் அது மைசூர் இராஜ்யத்தோடு இணைந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. அங்கே குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஓரடியும் நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. மும்பைக்கும் தில்லிக்கும் பிழைப்பு நாடி வந்த நம்மனோர் கதை வேறு. கோடு நின்ற இடத்திலேயே நின்றது. நாம் அதைத் தாண்டி வந்தோம்.

உயிர்நூலாரும் இவ்விருவகைப் பிரிவை வேறுபடுத்தியே பேசுகின்றனர். உயிரினம் தடையைத் தாண்டி அப்பால் குடியேறினால் அது பரவல். உயிரினம் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவே கடலோ பள்ளத்தாக்கோ தோன்றினால் அதற்கு விகாரியன்ஸ் என்று பெயர். பதிலாள் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. தடையின் ஒரு பக்கத்து உயிருக்குப் பதிலாக மறுபக்கத்தில் அதன் உறவான மற்றொன்று நிற்பதால் அப்பெயர் பெற்றது. தமிழில் இதனை இடைப்பிளவு என்று சொல்லலாம்.

இச்சிந்தனைக்கு வித்திட்டவருள் முதன்மையானவர் மோரிட்ஸ் வாக்னர் என்ற ஜெர்மானிய யாத்திரிகர். அல்ஜீரியாவில், ஆற்றின் ஒரு கரையில் காணும் பறக்கவியலா வண்டுகளுக்கும் மறுகரை வண்டுகளுக்கும் வேற்றுமை இருப்பதை அவர் கண்டார். தனித்து ஒதுங்கினாலன்றிப் புதிய இனம் தோன்றாது என்று 1868-இல் வாதிட்டார். பிரிவு துணை செய்யும், ஆனால் இன்றியமையாததன்று என்பது டார்வின் கட்சி. வாக்னர் பக்கமே நியாயம் மிகுதி என்பதைப் பிற்கால ஆராய்ச்சி பெரும்பாலும் காட்டியிருக்கிறது. ஓரிடத்தில் கலந்து வாழும் இனங்களுக்குச் சிம்பாட்ரிக் என்ற சொல்லை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூல்ட்டன் வழங்கினார். தனித்தனி நிலத்தில் வாழ்வனவற்றுக்கு அலோபாட்ரிக் என்ற சொல்லை 1942-இல் எர்ன்ஸ்ட் மேயர் படைத்தார்.

தமிழில் விஞ்ஞானச் சொல்லாக்கத்துக்கென 1916-இலேயே சேலத்தில் சங்கம் கண்டனர் இராஜகோபாலாச்சாரியாரும் வேங்கடசுப்பையரும். மேயரின் சொல் பிறப்பதற்கோ இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன! அதனைத் தமிழாக்கும் கடமை நம் தலைமுறைக்கு வந்தது. கிரேக்கத்தில் அலோஸ் என்பது பிற. பாத்ரா என்பது தந்தையர் நாடு. 'பிறநாட்டு இனம்' என்று எழுதினால் அணிலுக்கும் கடவுச்சீட்டு கேட்க நேரிடும். 'தனித்த இனம்' என்றாலோ, ஓரிடத்தில் மட்டுமே காணப்படும் ஓரிடவாழ் இனத்தோடு குழம்பும். புலம்பெயர்தல் என்ற நம் சொல்லில் உள்ள புலமே இங்குப் பொருந்தும் என்பது நம் கருத்து. அலோபாட்ரிக் வேற்றுப்புலம், சிம்பாட்ரிக் ஒருபுலம்.

ஹனூரின் வடக்கேயும் கிழக்கேயும் காவிரிக் காடுகள் உள்ளன. 1987-இல் காவிரி வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. ஆற்றோரத்து மருதமரங்களில் வாழ்கிறது சாம்பல் நிற மலை அணில். அதே இனம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டிலும் உண்டு. அங்கே அதன் உறவான மலபார் மலை அணிலும் இருக்கிறது. இவ்விரண்டும் அங்கு ஒருபுலத்தன எனலாம். சாம்பல் நிற அணிலுக்கு 1769-இல் பெயரிட்டவர் பென்னன்ட். அவர் விவரித்த அணிலோ இலங்கையது.

இலங்கைக்கும் நமக்கும் நடுவே பாக் நீரிணை கிடக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் ஆழம் 15 மீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று அது நிலமே. பனி உருகிக் கடல் உயர்ந்தது இடைப்பிளவுக்கு நல்ல உதாரணம். ஆயினும் இலங்கையின் வறண்ட நிலத்து அணிலும் நம் காவிரிக்கரை அணிலும் இன்றும் ஒரே உள்ளினமாகவே கருதப்படுகின்றன. அத்தீவின் மலைநாட்டிலும் ஈரமான தென்மேற்கிலும் வாழ்வனவே வேறு உள்ளினங்கள். கடல் பிரித்ததைவிட மழையும் மலையும் மிகுதியாகப் பிரித்துவிட்டன!

பாலக்காட்டுக் கணவாயில் இதற்கு மாறான காட்சி. அது சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்நிலம். ஒருநாள் காலையில் இரயிலில் கடந்துவிடலாம். குளிர்ந்த சோலையைவிட்டு இறங்காத சிறு நீலப் பறவைக்கோ அது பெருங்கடல். நீலகிரிப் பறவையும் பழனி மலைப் பறவையும் நெடுங்காலம் தத்தம் மலையிலேயே தங்கிவிட்டன. முன்னர் ஒரே இனமாகக் கருதப்பட்ட இவற்றை இன்று இருவேறு இனமாகப் பிரித்துள்ளனர். 2017-இல் இவற்றுக்கெனச் சோலிகோலா என்ற புதுப்பேரினமும் அமைக்கப்பட்டது.

பிரிவின் அளவு மைல் கணக்கில் இல்லை; கடப்பவர் யார் என்பதில் இருக்கிறது. காவிரிக்கரை அணில் கிளைவிட்டுக் கிளை தாவிச் செல்வது. தரையில் அரிதாகவே இறங்கும். கரையோரத்து மருதம் வெட்டப்பட்டு மரவரிசை அறுந்துவிட்டால், நூறடி வெட்டவெளியும் அதற்குப் பாக் நீரிணைதான். இதனை இடைப்பிளவு என்று மொழிபெயர்ப்பது தகாது. துண்டாடல் என்பதே பொருந்தும். இடைப்பிளவில் இருபக்கத்துக் கூட்டமும் பிழைத்திருந்து பல்லாயிரம் ஆண்டுகளில் வேறுபடும். துண்டாடலில் ஒரு மரக்கூட்டத்தில் ஒதுங்கிய சில அணில்களுக்கு அத்தனைக் காலம் கிடைப்பதில்லை. ஒரு வறட்சியோ நோயோ வந்தால் அங்கே மீண்டும் குடியேற அண்டையிலிருந்து வேறு அணில் வர வழியிராது.